விருப்பத்தின் பேரில்

"அந்த ஏசியக் கொஞ்சம் நிறுத்து சார். இவருக்குக் குளிரு ஒத்துக்கறதில்ல" என்றாள் தேவானை.

முத்துகிருஷ்ணனுக்கு எரிச்சலாக வந்தது. நந்தனத்துச் சித்திரை வெயில் ஜன்னல் கண்ணாடியைச் சுட்டுக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த கிழவரைப் பார்த்தார். நரைத்த தலை, முன்பற்கள் போய் ஒட்டிய கன்னம். மகளுக்குத் துணையாக மதுராந்தகத்திலிருந்து பஸ் ஏறியிருப்பார்.

"அப்பாவை ஏம்மா அலைய விடறே? நீ கையெழுத்துப் போட்டாப் போதும்" என்று ஏசியை அணைத்தார்.

"கையெழுத்து கெடக்கட்டும். எம் புருசன் எங்க? அதச் சொல்லு மொதல்ல."

அவள் புருஷன் கதிரேசனை இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் ஏஜென்சி மூலம் ரஷ்யாவுக்கு அனுப்பியவர் முத்துகிருஷ்ணன்தான். மழையில் நெல் மூழ்கிப்போன வருஷம் அது. கிடங்கில் மூட்டை அடுக்கும் வேலை என்றதும் நம்பிக் கிளம்பினான். ஃபைலில் இருந்த போட்டோவில் கறுகறு மீசையும் உப்பிய கன்னமுமாகச் சிரித்தான்.

அங்கே போய்ச் சேர்ந்த பதினைந்தாம் நாள் அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் போர்முனைக்குத் தள்ளினார்கள். நாலாம் மாதம் எதிர்ப்படை பிடித்துச் சிறையில் போட்டது. அதோடு முத்துகிருஷ்ணன் அவனை மறந்துவிட்டார். இப்போது வேறு சில குடும்பங்கள் போலீசுக்குப் போகப்போவதாகக் காதில் விழுந்த பிறகுதான், தேவானைக்கு ஆள் விட்டார்.

"மண்வெட்டி புடிச்ச கை சார் அது! சுடத் தெரியுமா அதுக்கு? தெரிஞ்சேதான அனுப்புன?" அவள் மேஜையில் அறைந்த அறையில் பேனாக்கள் உருண்டன.

"கத்தாதே. நான் என்ன கைவிட்டுட்டேனா? நேத்து சாயங்காலம்கூட அவன்கிட்ட போன்ல பேசினேன்."

அவள் சட்டென்று அடங்கினாள். "யாருகிட்ட?"

"கதிரேசன்கிட்டதான். ஜெயில் அதிகாரியைப் பிடிச்சுப் பத்து நிமிஷம் லைன் வாங்கினேன்."

"இன்னா சொன்னாரு?"

"வேளாவேளைக்குச் சோறு போடறாங்களாம். யாரும் அடிக்கறதில்லையாம். 'தேவானையைத் தைரியமா இருக்கச் சொல்லுங்க'ன்னு அழுதான்."

அவள் உதடு துடித்தது. நம்பிவிட்டாள் என்று அவருக்கு நிம்மதி. கிழவரின் மடியில் இருந்த கைகள் முறுக்கிக்கொண்டன.

"நிலத்துல பயிர் இருக்காம்மா?" என்று பேச்சை இளக்கினார்.

"போன வாரந்தான் நடவு முடிஞ்சுது. தரிசாக் கெடந்த மண்ண இவருதான் ஒத்த ஆளா நின்னு சேறடிச்சாரு."

"இந்த வயசுலயா! பெரிய விஷயம்தான்" என்றபடி தாளை நீட்டினார். "இதுல போடு. ரெண்டு மாசத்துல ஆள் வந்துடுவான். போடலேன்னா அங்கே அவனை என்ன செய்வாங்களோ, நான் பொறுப்பில்லை."

தேவானை எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'என் கணவர் தன் விருப்பத்தின் பேரில் படையில் சேர்ந்தார். இதில் நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.'

தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். கிழவரும் எழுந்தார்.

"ஏய், அதை எங்கே எடுத்துட்டுப் போறே?"

"போலீசு டேசனுக்கு. நீ எழுதுனத நீயே அங்க வந்து படி."

முத்துகிருஷ்ணன் பதறிப்போய்க் கிழவர் பக்கம் திரும்பினார். "பெரியவரே, பொண்ணுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க!"

தேவானை கதவைத் திறந்து பிடித்தபடி சொன்னாள்: "எங்கப்பா செத்து ஆறு வருசமாச்சு. கைதிங்கள மாத்திக்கிட்டப்பவே எம் புருசன விட்டுட்டாங்க. நேத்து நீ போன்ல பேசுனியே, அந்தக் கதிரேசன் இவருதான்."