நத்தை எழுதி வைத்த ஓடு

முருங்கை மரத்து நத்தைக்குப் பிள்ளை குட்டி கிடையாது. சொத்துபத்து என்று இருந்தது முதுகிலிருந்த ஓடு மட்டும்தான். "என் காலம் வரைக்கும் நான் இருந்துக்கறேன், அப்புறம் உங்களுக்கு" என்று சொல்லி, வேரடியில் குடியிருந்த எறும்புகளுக்கு அதை ஊரறிய எழுதி வைத்தது.

அன்றிலிருந்து நத்தைக்கு வந்த வாழ்வைச் சொல்லி மாளாது. விடிந்ததும் எறும்புகள் வரிசையாக வந்து, "உடம்பு எப்படி இருக்கு, பெரியப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகும். பெற்ற பிள்ளைகூட இப்படி விசாரிக்காது என்று நத்தைக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஒருநாள் காற்றில் கிளை முறிந்து நத்தை தொப்பென்று கீழே விழுந்தது. எறும்புகள் பதறியடித்து ஓடி வந்தன. உள்ளே சுருண்டு கிடந்த நத்தைக்கு அந்தக் காலடிச் சத்தம் கேட்டதுமே கண் கலங்கியது. அப்புறம் பேச்சும் கேட்டது.

"நல்லா சுத்திப் பாருங்கப்பா. எங்கேயாவது கீறல் விழுந்திருக்கா?"

"இல்லண்ணே. பெரியப்பாதான் முனகுறாரு."

"அவர் முனகட்டும். ஓரம் உடையாம மெதுவாப் புரட்டுங்க."

மறுநாள் காலையில் எறும்புகள் வழக்கம்போல வந்து நின்றன. "உடம்பு எப்படி இருக்கு, பெரியப்பா?"

நத்தை தலையை மட்டும் வெளியே நீட்டியது.

"ஓடு நல்லா இருக்குப்பா. நீங்க நிம்மதியா வேலைக்குப் போங்க."