குறைஞ்சா நல்லதுதானே!

"கன்னம் ரெண்டும் தக்காளியா இருக்கு. இவளுக்கு உடம்பு சரியில்லையாம்!"

ஹெட் கிளார்க் சொன்னதும் அலுவலகமே சிரித்தது.

அது மருத்துவக் காப்பீட்டு அலுவலகம். நோயாளிகள் அனுப்பும் பில்லில் எது பொய் என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே எல்லோருக்கும் பிழைப்பு. நிஜ நோயைப் பார்த்தாலும் நம்ப மனசு வராது.

கம்ப்யூட்டர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ரத்த ரிசல்ட்டை நீட்டினாள்.

"லூபஸ் சார். எதிர்ப்புச் சக்தியே திரும்பி நம்ம உடம்பை அடிக்குமாம். இந்தக் கன்னச் சிவப்புகூட அதனாலதானாம். கிட்னியைத் தொட்டிருக்கும்னு டாக்டர் பயப்படறார். நாளைக்கே ஆஸ்பத்திரியில சேரணும். ரெண்டு வாரம் லீவு வேணும். லெட்டர்கூடக் கொடுத்திருக்கார்."

"டாக்டர் லெட்டரா? தினமும் கட்டுக்கட்டா அதைத் திருப்பி அனுப்பறதுதானேம்மா நம்ம தொழிலே!"

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். ஹெட் கிளார்க் யாரையும் கொல்லாமலே அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டவர். ரொம்ப நாள் சர்க்கரை நோயாளி, அதுதான் தகுதி. கண்ணாடியை மூக்கில் இறக்கினார்.

"சி3 குறைவு. சி4 குறைவு. அட, குறைஞ்சா நல்லதுதானே! எனக்கு சுகர் குறைஞ்சா டாக்டர் கை குலுக்கறார். நீ என்னடான்னா லீவு கேக்கறே!"

சி3 என்றால் என்னவென்று அவளுக்கே தெரியாது. நோய் வந்ததே போன மாதம்தான். கண் கலங்கியது.

"போ, பவுடர் மேடத்துக்கிட்டயே கேளு."

பவுடர் மேடம்தான் மேனேஜர். முகத்தில் எப்போதும் ஒரு பூச்சு. மணிக்கட்டு வரை ஜாக்கெட் கை. வாசலிலிருந்து காருக்குப் போகக்கூடக் குடை. 'வெயில் பட்டா மாவு கரைஞ்சிடும்' என்பது அலுவலகத்தின் பழைய ஜோக். லீவு என்று யார் போனாலும் கடுகாய் வெடிப்பார்.

வேடிக்கை பார்க்க ஹெட் கிளார்க்கும் பின்னாலேயே போனார்.

மேடம் ரிசல்ட்டை ஒரே ஒரு முறை பார்த்தார்.

"ஆன்டி டிஎஸ்டிஎன்ஏ ஏறியிருக்கே?"

"அது ஒண்ணுதான் மேடம் ஏறியிருக்கு," என்று ஹெட் கிளார்க் முந்திக்கொண்டார். "சி3, சி4 எல்லாம் நல்லா குறைஞ்சிருக்கு."

"நல்லாவா? அது ஏறி இது ரெண்டும் இறங்கினா, நோய் உள்ளே பத்தி எரியுதுன்னு அர்த்தம். ஏம்மா, யூரின் நுரைக்குதா? காலையில முகம் வீங்குதா?"

"ஆமா மேடம்."

"அப்ப நாளைக்கு இல்ல, இன்னிக்கே போய்ச் சேரு. லீவு கொடுத்தாச்சு. வெளியே வெயில், இந்த நோய்க்கு அது ஆகாது. இந்தக் குடையை எடுத்துக்கோ."

ஹெட் கிளார்க்குக்கு வாய் மூடவில்லை. "மேடம், இதெல்லாம் உங்களுக்கு எப்படி...?"

மேடம் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து ஒரு கன்னத்தை அழுத்தித் துடைத்தார். பூச்சு போனது. உள்ளே அதே தக்காளி.

"நோயாளின்னு தெரிஞ்சா வேலைக்கு லாயக்கில்லைம்பீங்க. நோய் வெளியே தெரியலைன்னா நடிப்புன்னு சிரிப்பீங்க. நான் எத்தனை வருஷமா இதைப் பூசறேன் தெரியுமா?"

ஹெட் கிளார்க் தரையைப் பார்த்தார்.

குடையோடு நின்ற பெண்ணிடம் மேடம் சொன்னார்:

"தேறி வா. இந்தப் பவுடர் எந்தக் கடையில கிடைக்கும்னு சொல்றேன். இங்கே வேலை பார்க்கணும்னா மாத்திரையைவிட அதுதான் முக்கியம்."