ஏழு அட்டைகள்

காட்டில் காணாமல் போன வனக்காவலர் சுடலைக்கண்ணுவைத் தேடுவதைப் பதினோராம் நாளோடு நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அவர் மனைவி முப்பிடாதி தனியாகவே மலையேறினாள். மழை விடவில்லை. ஒரு விலங்குகூடக் கண்ணில் படவில்லை.

மாலையில் சோதனைச் சாவடிக்குத் திரும்பியபோது அவள் காலில் ஏழு அட்டைகள் ஒட்டியிருந்தன. இப்போதெல்லாம் அங்கே யாரும் அட்டைக்கு உப்பு வைப்பதில்லை. காவல் பெண் ஜெபமணி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கு முன் எந்த உயிரின் ரத்தத்தைக் குடித்தன என்று சொல்லும் கருவிக்குள் விட்டாள்.

“யானை, முந்தாநாள். மிளா. சிங்கவால் குரங்கு, இன்னைக்குக் காலைல. யக்கா, இது புலியாம்! மூணு வருசமா இங்க கெடக்கேன், நான் வாலைக்கூடப் பாத்ததில்ல. நீங்க காட்டையே கால்ல கட்டி இழுத்துட்டு வந்திருக்கீயளே!”

முப்பிடாதிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெறும் மழையென்று நினைத்து நடந்த வழியெங்கும் இத்தனை உயிர்கள் இருந்திருக்கின்றன.

ஏழாவது அட்டையை ஜெபமணி வெளியே எடுத்து மறுபடியும் கருவிக்குள் விட்டாள்.

“என்னட்டி, சொல்லு.”

“யக்கா… காவலர் ரத்தப் பதிவுல நம்ம அண்ணாச்சி பேரு வருது. நேத்து சாயங்காலம்.”

முப்பிடாதி தன் குதிகாலைத் தொட்டுப் பார்த்தாள். கடிவாயில் ரத்தம் இன்னும் நிற்கவில்லை.

“இது மூங்கில் ஓடைல ஏறுனது. ஒரு நாள்ல அட்டை எம்புட்டுத் தூரம் போயிரும்? ஆளுவளைக் கூப்பிடுட்டி!” என்றபடி, செருப்பைக்கூட மாட்டாமல் மழைக்குள் இறங்கினாள்.