கொம்புப்பிடிச் சவரக்கத்தி

ராசா என்ற ஊரில் பழைய சாமான் சந்தையின் தார்ப்பாய்கள்மேல் காலை வெயில் ஏறுகிறது. பழைய சவரக்கத்திகளைத் தேடிச் சேர்க்கும் ரெங்கசாமி, நல்லம்மாள் பரப்பியிருக்கும் துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவில் ஒன்றைக் கண்டு குந்துகிறார். கொம்புப்பிடியை விரிக்கிறார். அலகு பளிச்சென்று இருக்கிறது. யாரோ அண்மையில்தான் தீட்டியிருக்கிறார்கள். “எவ்வளவும்மா?” என்கிறார். நல்லம்மாள் விலை சொல்லவில்லை. “நீங்க எந்த ஊருங்க?” என்று கேட்கிறாள். “ஈஜோக்.” “தூரந்தான். சும்மாவே எடுத்துக்குங்க. போன தடவ குப்பையில போட்டேன், எங்க வீட்டுக்காரரு தேடி எடுத்துட்டாரு. கழுத்துல தையலோட இன்னிக்குத்தான் ஆஸ்பத்திரியிலேருந்து வர்றாரு.” ரெங்கசாமி மெல்லக் கத்தியை மடக்குகிறார். அவள் கை நீண்டு அதன் மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறது. “உங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கதானே?” அவர் தலையாட்டிய பிறகும் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகுதான் விடுகிறாள்.