ஓட்டைப்பல் சாட்சி

"அன்பு! கதவைத் தொறடி! உன் பொண்ணு பண்ண வேலைய வந்து பாரு!"

அன்புக்கரசி கையில் கரண்டியோடு ஓடிவந்து கதவைத் திறந்தாள்.

வாசலில் எதிர்வீட்டு டோரதி. ஒரு கையில் தன் மகன் ஜாக்சனின் காது. இன்னொரு கையில் அன்புக்கரசியின் மகள் தமிழ்நிலாவின் சட்டைக் காலர். ராஜா அண்ணாமலைபுரம் ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி வரைக்கும் ரெண்டையும் அப்படியே இழுத்து வந்திருக்கிறாள்.

"இன்னாக்கா ஆச்சு?"

"கடிச்சிட்டா! பாரு!"

ஜாக்சன் ஒரு கையை நீட்டினான். மறு கையில் கோலி போட்ட வெள்ளை டப்பா.

அன்புக்கரசி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரத்தம் வந்துச்சா?"

"ரத்தமா? முன்பல்லு ரெண்டும் இல்லாதவ கடிச்சா எங்கேர்ந்துடி ரத்தம் வரும்? தோலுகூடக் கிழியல. இந்தத் தடத்தைப் பாரு, நடுவுல கேட்டைத் தொறந்து வச்ச மாதிரி கீது. இந்த பிளாக்லயே இவ ஒருத்திக்குத்தான் இந்தப் பல்லு. கடிக்கலைன்னு சாதிக்கிறா!"

"நான் கடிக்கல" என்றாள் தமிழ்நிலா, ஓட்டைப்பல் தெரிய.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். தமிழ்நிலாவுக்கு எச்.ஐ.வி. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்தது. வயசு ஏழு, பார்த்தால் ஐந்துதான் சொல்வார்கள். மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் டாக்டரம்மா, "கிருமி நல்லா அடங்கியிருக்கும்மா. மாத்திரையை நேரத்துக்குக் குடு. மத்தபடி ஓடட்டும், விழட்டும், சண்டை போடட்டும். விளையாடினாதான் புள்ள வளரும்" என்பார். அன்புக்கரசி காதில் மாத்திரை மட்டும்தான் விழும்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. கிண்டியில் இருந்தபோது விஷயம் தெரிந்து ஒரே நாளில் வீட்டைக் காலி செய்ய வைத்தார்கள். இங்கே யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. மாத்திரை டப்பா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவாள்.

"எதுக்குடி கடிச்ச?"

ஜாக்சன் முந்திக்கொண்டான். "கல்லா மண்ணா ஆடினோம் ஆன்ட்டி. நான் இவளைத் தொடவே இல்ல. இவளா வந்து என் கையில மோதிட்டு, 'நான் அவுட்டு, இனிமே நான்தான் புடிப்பேன்'றா. நீ அவுட்டே ஆக முடியாது, நீ ஒப்புக்குச் சப்பாணி, ஆட்டத்துல கணக்கே இல்லைன்னு சொன்னேன். லபக்குனு கடிச்சிட்டா."

"இவளை எவன்டா ஒப்புக்குச் சப்பாணி ஆக்குனது?" டோரதி காதை இன்னொரு சுற்று திருகினாள்.

"ஐயோ, அன்பு ஆன்ட்டிதான்! இவளைத் தொடாத, தள்ளாத, ஓட வைக்காதன்னு எங்க எல்லாருக்கும் கடலை மிட்டாய் குடுத்தாங்க!"

தமிழ்நிலா மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "நீயா?"

இதற்குத் தன்னையும் நாலு கடி கடித்திருந்தால் தேவலாம் என்றிருந்தது அன்புக்கரசிக்கு.

"வுடுக்கா. தப்புதான். இனிமே இவளைக் கீழ அனுப்பல."

"அஸ்கு புஸ்கு! கடிச்சிட்டு வூட்ல குந்திக்குவாளா? அவுட்டுன்னா அவுட்டு. நாளைக்கு இவதான் எல்லாரையும் புடிக்கணும். ஓடி ஓடி நாக்கு தள்ளட்டும்!"

"ஐ!" என்றாள் தமிழ்நிலா. இருக்கிற பல் அத்தனையும் வெளியே தெரிந்தது.

"இல்லக்கா, அவ ஒடம்புக்கு..."

போனில் அலாரம் கத்தியது. ஏழு மணி. அன்புக்கரசி பாய்ந்து அமுக்கினாள். "ஒண்ணுமில்லக்கா... சத்து மாத்திரை. டானிக் மாதிரி."

"மொதல்ல போய்க் குடு."

மாத்திரை உள்ளே போனதும் டோரதி ரெண்டு பிள்ளைகளையும் படிக்கட்டுப் பக்கம் விரட்டினாள். கோலி டப்பா கலகலவென்று கீழே இறங்கி ஓய்ந்தது. அப்புறம்தான் குரலைத் தாழ்த்தினாள்.

"சத்து மாத்திரைக்கு எவடி அலாரம் வப்பா? அந்தக் கோலி டப்பா உன் பொண்ணு குடுத்தது. லேபிளைச் சொரண்டின டப்பா. நான் அடையார்ல ஆஸ்பத்திரி ஆயா. லேபிளை எதுக்குச் சொரண்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? லேபிளோட குடுத்திருந்தா நான் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன்."

அன்புக்கரசிக்குக் கிண்டி வீட்டில் தொங்கவிட்ட பூட்டு கண்ணுக்குள் வந்து நின்றது.

"எப்பத்துலேர்ந்துக்கா தெரியும்?"

"அது ஆச்சு ரெண்டு வருஷம். தெனம் உன் அலாரம் அடிச்சாதான் நானே உலை வக்கிறேன்."

"தெரிஞ்சுமா ஜாக்சனை இவகூட ஆட வுட்ட?"

தன் வீட்டு வாசல்வரை போய்விட்ட டோரதி திரும்பினாள்.

"ஆட வுட்டனாவா? நேத்து படிக்கட்டுல குந்திக்கினு, 'என்னை மட்டும் அவுட்டே ஆக்க மாட்டேன்றாங்க ஆன்ட்டி'ன்னு ஓன்னு அழுதா. சும்மா அழுவாத, போய் சண்ட போடுன்னு சொல்லி அனுப்புனதே நான்தான்டி. கடிப்பாள்னு எனக்கின்னா தெரியும்!"