பச்சைக் கேட்டு வீடு

வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது அபிலாஷ் போனை எடுக்கவே மாட்டான். அந்த ஷோரூமில் அதிக வேன் விற்பவன் அவன்தான். தங்கை லாஸ்யா அழைத்தாள். காலையிலிருந்து நெஞ்சைக் கரிக்கிறது என்று சொன்ன அம்மாவுக்கு வாயு மாத்திரை வாங்கிவரச் சொல்வாள் என்று நினைத்துத் துண்டித்தான்.

"ஐரோப்பிய மாடலுங்க. கூரை நல்ல உசரம். பின்கதவு முழுசாத் தெறக்கும்."

கிணத்துக்கடவு ஆறுச்சாமி வேனுக்குள் ஏறி, தரையில் நீட்டிப் படுத்துப் பார்த்தார். "ஏழடிப் பொட்டிங்க. அதைத் தூக்க ரெண்டு பேரு நிமிந்து நிக்கோணும்."

"என்ன தொழிலுங்க?"

"வாடகை சர்வீஸுங்க." அவர் எழுந்து உட்கார்ந்தார். "வண்டி குலுங்காதுங்களே?"

"நெறகொடம் வெச்சாலும் சிந்தாதுங்க."

லாஸ்யா மறுபடியும் அழைத்தாள். எரிச்சலோடு போனையே அணைத்தான்.

இப்போது ஆறுச்சாமியின் போன் ஒலித்தது. "போத்தனூருங்களா? புள்ளையார் கோயிலுக்கு எதுத்தாப்புல, பச்சைக் கேட்டு ஊடு. சரிங்க, பொட்டி வண்டியிலயே இருக்குது. இப்பவே வாரேன்."

அபிலாஷ் சிரித்துவிட்டான். "அது எங்க ஊடுங்க! எங்கம்மாவா கூப்புட்டாங்க?"

"பக்கத்து ஊட்டுக்காரருங்க..." ஆறுச்சாமி போனைப் பையில் போட்டார். வேனிலிருந்து மெதுவாக இறங்கி, அவன் தோளில் கை வைத்தார்.

"வா கண்ணு, என் வண்டியிலயே போயிரலாம்."

வாசலில் நின்ற அவருடைய பழைய டெம்போவை அபிலாஷ் அப்போதுதான் பார்த்தான். அதன்மேல் சாவு வீட்டுக் கண்ணாடிப் பெட்டி, காலியாக இருந்தது.