ஒரு மணிக்கு அணையும் கம்ப்யூட்டர்

"இன்னிக்கும் சரியா ஒரு மணிக்கு அது அணையலைன்னா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க!"

கிண்ணத்தைத் திருப்பித் தர வந்த எதிர்வீட்டுக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிண்ணம் வாங்கிப் பத்து நாள் ஆகிறது. கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்திருக்கும் இன்றைக்குத்தான் அது அவள் ஞாபகத்துக்கு வந்தது.

மருமகளுக்கு வீட்டிலிருந்தே வேலை. காலை எட்டு மணியிலிருந்து ஹெட்போனில் ஊரார் புகார்களைக் கேட்க வேண்டும். மூன்று மணிக்குத்தான் சாப்பாட்டு இடைவேளை. ஒரு மாதமாக அந்தக் கம்ப்யூட்டர் மதியம் ஒரு மணிக்குப் பொட்டென்று அணைந்துவிடுகிறது. 'மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி இன்றே அனுப்பு. மிஷினில் கோளாறு இல்லையென்றால் நாளை முதல் உனக்கு வேலை இல்லை' என்று ஆபீஸ் சொல்லிவிட்டது.

"நான் இப்ப ஓட விட்டிருக்கிற இந்த டெஸ்ட் சாஃப்ட்வேர் ப்ராசஸர் தலையில நூறு சதவீதம் வேலையை ஏத்தும்மா. வீக்கா இருந்தா சூடாகித் தானா அணைஞ்சிடும்," என்றார் மெக்கானிக்.

"பாவம் தம்பி, வாயில்லாத ஜீவன்," என்ற மாமியார், விசிறியை எடுத்து வந்து கம்ப்யூட்டருக்கு வீச ஆரம்பித்தார். "இவ வேலை போயிடக் கூடாதுப்பா. இவ இல்லேன்னா இந்த வீடு ஓடாது."

எதிர்வீட்டுக்காரி மெக்கானிக்கின் பக்கம் சாய்ந்தாள். "நடிப்பைப் பாத்தீங்களா? போன மாசம் இந்தம்மா மயங்கி விழுந்துச்சு. அதுலேர்ந்துதான் இந்தக் கூத்து. மருமக தன்னைக் கவனிக்கலைன்னு வயித்தெரிச்சல். சுவிட்ச் போர்டு பக்கம் யாரு நிக்கிறாங்கன்னு ஒரு மணிக்குப் பாருங்க!"

மருமகள் மேஜையை விட்டு நகரவேயில்லை. முகம் வெளுத்திருந்தது. திரையில் எண்கள் ஏறின. அறுபது டிகிரி. எழுபது. எழுபத்தொன்றில் நின்று, அதற்கு மேல் அசையவில்லை.

"மிஷின் கல்லு மாதிரி இருக்கேம்மா!" என்றார் மெக்கானிக். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடிகாரம் ஒன்று அடித்தது.

பொட்!

"நான் சொல்லலே?" எதிர்வீட்டுக்காரி துள்ளி எழுந்தாள். ஆனால் மாமியார் சுவிட்ச் போர்டுக்கு எட்டாத தூரத்தில், விசிறியும் கையுமாகத் திகைத்து நின்றார்.

மெக்கானிக் டார்ச்சுடன் மேஜைக்கு அடியில் நுழைந்தார். வெளியே வர ரொம்ப நேரமாயிற்று.

"அம்மா, நீங்க சாப்பிட்டாச்சா?" என்றார் வந்ததும்.

"எங்கே தம்பி? சுகர் மாத்திரை மட்டும் போட்டேன். அவர் போனதுலேர்ந்து தனியா உக்காந்தா சோறு தொண்டையில இறங்கல. இவளும் கூட உக்காந்தாத்தான். முன்னெல்லாம் மூணு மணி ஆகும். இப்பத்தான் ஒரு மாசமா, இந்த சனியன் அணையுற நேரத்துல ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பிடறோம்."

மெக்கானிக் பேனாவைத் திறந்தார். எழுதிய காகிதத்தை எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். 'முழுச் சுமையில் சோதித்தேன். தினமும் ஒரு மணிக்கு அரை மணி நேரம் கட்டாயம் ஓய்வு தேவை. இந்த வீட்டில் எந்த மிஷினை வைத்தாலும் இப்படித்தான்.'

"இவ்வளவுதானா?" என்று அவள் சப்பென்று கிளம்பினாள்.

மாமியார் இரண்டு தட்டு எடுத்து வைக்க உள்ளே போனார். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜைக்கு அடியில் ப்ளக் பாக்ஸின் சிவப்பு சுவிட்சின் மேல் இன்னமும் அழுத்திக்கொண்டிருந்த தன் கால் கட்டைவிரலை மெல்ல எடுத்தாள்.